கார்டு மாறும்போது பியானோ ஏன் தாவுகிறது?

கேள்வி: கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்காக எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு டிராக் தயாரிக்கிறேன். இசைச் செயலியின் பியானோ ரோலில் (சுரங்களைக் கட்டங்களாக வரையும் திரையில்) சி மேஜர், ஏ மைனர், எஃப், ஜி என்று கார்டு ஸ்டாம்ப் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை ஒரே சொடுக்கில் வைக்கும் வசதி) வைக்கிறேன். கனமாக இருக்கட்டும் என்று அதையே இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழேயும் நகலெடுத்திருக்கிறேன். பாக்ஸ் ஸ்பீக்கரில் போட்டால் அடியில் ஒரே உறுமல். பியானோவும் கார்டுக்குக் கார்டு தாவுகிறது.
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: உங்கள் கார்டுகள் சரி. அடுக்கியதில்தான் கோளாறு.

முதலில் ஓர் எச்சரிக்கை. கீபோர்டின் நடுவில் உள்ள சி-யை, அதாவது நடு சி-யை, ஏபிள்டன் செயலி சி3 என்கிறது, எஃப்எல் ஸ்டுடியோ செயலி சி5 என்கிறது. அதனால் இங்கே மிடி எண்ணையே (ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ள எண்; ஓர் அரைச்சுரம் ஏறினால் ஒன்று கூடும்) தருகிறேன். நடு சி எங்கும் 60தான்.

ஸ்டாம்ப் எப்போதும் ரூட்டை (கார்டுக்குப் பெயர் தரும் அடிப்படைச் சுரத்தை) அடியில் வைத்தே அடுக்கும். சி மேஜர் 60, 64, 67. அடுத்து ஏ மைனர் 69, 72, 76. மூன்று சுரமும் ஒரே நொடியில் எட்டு, ஒன்பது அரைச்சுரம் ஏறிவிடுகின்றன. கார்டை ஒற்றைத் துண்டாகப் பார்க்காமல், மூன்று பேர் சேர்ந்து பாடுவதாக நினையுங்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் கிடைக்கிற சுரத்துக்கு நகர்ந்தால் போதும்:

சி: 60, 64, 67
ஏ மைனர்: 60, 64, 69
எஃப்: 60, 65, 69
ஜி: 59, 62, 67

சி-யிலிருந்து ஏ மைனருக்கு 67 மட்டும் 69 ஆகிறது. அங்கிருந்து எஃப்-க்கு 64 மட்டும் 65 ஆகிறது. ஜி-யில் மூவரும் இறங்குகிறார்கள். அந்த அசைவு பாட்டுக்கு வேண்டியதுதான். திரும்ப சி வரும்போது 67 இருந்த இடத்திலேயே நிற்கும்.

இப்போது உறுமல். 36-உம் 40-உம் சேர்ந்து ஒலித்தால் அதிர்வெண் சுமார் 65, 82 ஹெர்ட்ஸ். இடைவெளி 17 ஹெர்ட்ஸ்தான் என்பதால் காதால் இரண்டையும் பிரித்துக் கேட்க முடியாது, கரகரப்பாகவே கேட்கும். அதே இரண்டு சுரம் 60, 64-இல் வந்தால் இடைவெளி 68 ஹெர்ட்ஸ், தெளிவாகிவிடும். ஆகவே கீழே நகலெடுத்ததை முழுதாக அழித்துவிடுங்கள். 48-க்குக் கீழே ரூட் மட்டும், வேண்டுமானால் அதன் ஆக்டேவ். பேஸ் கிட்டார் தனி டிராக்கில் 36, 45, 41, 43 வாசிக்கட்டும். கனம் அதிலிருந்து வரும், பியானோவிலிருந்து அல்ல.

கூம்புக் குழாய் ஸ்பீக்கரிலும் ஒலிக்கப்போகிறது என்றால், அதில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. பேஸை நம்பி நடுப்பகுதியில் ரூட்டை விட்டுவிட்டால் கார்டே அடையாளம் மாறிவிடும். மேலே கொடுத்த அடுக்கில் நான்கு கார்டிலும் ரூட் உள்ளே இருக்கிறது, அதைக் கலைக்காதீர்கள்.

அகலமான ஒலி வேண்டுமென்றால் நான்கு சுரக் கார்டில் மேலிருந்து இரண்டாவதை ஓர் ஆக்டேவ் இறக்குங்கள். சி மேஜர் செவன்த் 60, 64, 67, 71 என்றால், 67 இறங்கி 55, 60, 64, 71 ஆகும். ஸ்டிரிங்ஸுக்கு இது அருமையாகப் பொருந்தும்.

இப்படி மாற்றியதும் ஒரு புதுச் சிக்கல் வரும். 60 மூன்று கார்டிலும் தொடர்கிறதல்லவா? முதல் கார்டின் 60 அடுத்த கார்டின் 60 மீது துளி ஏறிக் கிடந்தாலும், முதலாவது முடியும்போது வரும் நோட் ஆஃப் (சுரத்தை நிறுத்தச் சொல்லும் மிடி கட்டளை) இரண்டாவதையும் சேர்த்து நிறுத்திவிடக்கூடும். கார்டு நடுவில் ஒரு சுரம் காணாமல் போனதுபோல் இருக்கும். முதலாவதைக் கொஞ்சம் சுருக்குங்கள், அல்லது மூன்றையும் ஒரே நீண்ட நோட்டாக இணைத்துவிடுங்கள்.

ஒரு விசையில் கார்டு தரும் மிடி எஃபெக்டைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே பிரச்சினைதான். கூட்டல் 4, கூட்டல் 7 என்று வைத்தால் எந்த விசையைத் தொட்டாலும் மேஜர்தான் வரும். மூன்று சுரமும் ஒன்றாகவே தாவும். அதன் வெளியீட்டை இன்னொரு மிடி டிராக்கில் ரெக்கார்டு செய்துகொண்டு சுரம் சுரமாகத் திருத்துங்கள்.

கடைசியாக வெலாசிட்டி, அதாவது விசையை அழுத்தும் வேகம். மேல் சுரத்துக்கு 85, உள்சுரங்களுக்கு 65 அளவில் ஆரம்பித்துப் பாருங்கள். பாடகர் பாடும் சுரத்துக்கு ஓர் அரைச்சுரம் பக்கத்தில் மேல் சுரம் உரசினால் ஒலியளவைக் குறைப்பதில் பயனில்லை. அந்தச் சுரத்தை ஓர் ஆக்டேவ் இறக்குங்கள்.