அழுகைக் கவிதைகள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிய சில நவீன கவிதைத் தொகுப்புகளை மின்சார ரயிலில் போகவர வாசித்தேன். பசி, பிணம், தீ, ரத்தம். எழும்பூரில் இறங்கும்போது மனசு கனத்துவிடுகிறது. பழைய கவிதையில் இருந்த அழகெல்லாம் எங்கே போயிற்று? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இதையெல்லாம் கொடுக்கலாமா?

ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

பழைய கவிதை முழுக்க அழகு என்று யார் சொன்னது? புறநானூற்றின் 164ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். சமைத்தே நாளாகிவிட்டதால் அடுப்பில் காளான் பூத்துக் கிடக்கிறது. பாலில்லாத மார்பைச் சுவைக்கும்போதெல்லாம் குழந்தை அழுகிறது. அதன் முகத்தைப் பார்த்துத் தாய் கண்கலங்குகிறாள். அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் அவள் கணவரான புலவர் பெருந்தலைச் சாத்தனார் வள்ளல் குமணனிடம் கிளம்பி வருகிறார். இதைவிடக் கடுமையாக வறுமையை இன்றைக்கு யாரும் எழுதிவிடவில்லை.

ஆனால் அந்தப் பாட்டில் குற்றவாளி கிடையாது. வறுமை வந்திருக்கிறது, வள்ளல் கொடுத்தால் போய்விடும். துயரம் அன்றைக்கும் இருந்தது. அதைச் செய்தவன்தான் நவீன கவிதையில் புதிதாக வந்து நிற்கிறான்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி இலங்கைத் தமிழ்க் கவிஞர் எம்.ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’யில் நடப்பதைப் பாருங்கள். கனவில் புத்தர் சுடப்பட்டு நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறார். சுட்டவர்கள் சிவில் உடையில் வந்த அரச காவலர்கள். இரவில் அமைச்சர்கள் வந்து கோபப்படுகிறார்கள். எதற்கு? பட்டியலில் இவர் பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்று! இவரைச் சுடாமல் ஒரு ஈயைக்கூடச் சுட முடியவில்லை என்று பதில் வருகிறது. சரி சரி, பிணத்தை மறையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் புத்தகங்களால் அவரை மூடி எரிக்கிறார்கள். அலுவலகத்தில் கோப்பு நகர்கிற மாதிரிதான் எல்லாம் நடக்கிறது. கவிஞர் எங்கும் விம்முவதில்லை. உங்கள் மனசைக் கனக்க வைப்பது இந்த அமைதிதான் என்று நினைக்கிறேன்.

நம் ஊருக்கே வருவோம். 1968 டிசம்பர் 25 அன்று அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட மிராசுதார்களை 1973இல் விடுதலை செய்தது இதே சென்னையின் உயர் நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு, இங்கே புதுக்கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டைக் கே.ஏ. குணசேகரன் குரலில் கேளுங்கள். தீ வைத்தவனை மட்டுமல்ல, அதில் எண்ணெய் ஊற்றிய சர்க்காரையும் கோர்ட்டையும் நேருக்கு நேராகக் கேட்கிற பாட்டு அது.

ஒரு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். வலி, ரணம், குருதி என்று வார்த்தைகளை அடுக்கி, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதையே சொல்லாத கவிதைகள் இப்போது ஏராளம். அவற்றை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கலாம், நஷ்டமில்லை.

மகளுக்கு நுஃமானைத் தாராளமாகக் கொடுங்கள். சின்னக் கவிதை, எளிய சொற்கள். நூலகத்தை யார் எரித்தது, ஏன் என்று அவள் கேட்பாள். அதற்குள் நீங்களும் கொஞ்சம் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.