காரைக்குடியில் துருப்பிடித்து இறுகிப்போன பழைய மரவேலை வைஸ் (பலகையைக் கவ்விப் பிடிக்கும் கருவி) ஒன்று பார்த்தேன். வாங்கலாமா? சரிசெய்ய முடியுமா?

வாங்கலாம். ஆனால் காசை எடுப்பதற்கு முன் அதோடு அரைமணி நேரம் உட்காருங்கள். மேலெல்லாம் துரு, திருகினால் அசையவில்லை என்கிறீர்கள். இந்த இரண்டுமே எனக்குக் கவலையாகப் படவில்லை. துருவை எடுத்துவிடலாம், இறுக்கத்தை இளக்கிவிடலாம். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தாலோ திருகின் மரை (அதில் சுற்றி ஓடும் புரி) தேய்ந்திருந்தாலோதான் வீட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

என் வைஸை நான் வாங்கியதும் காரைக்குடியில்தான், பழஞ்சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில். தேவகோட்டைப் பக்கம் பிரித்த ஒரு வீட்டுச் சாமான்களோடு வந்து, தேக்குத் தூண்களுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே கிடந்தது. முன்வாயில் (பலகையைக் கவ்வும் இரண்டு தாடைகளில் நகரும் முன்தாடையில்) இருந்த அழுக்கைச் சுரண்டியதும் 'ரெக்கார்டு' என்ற பெயரும் 52½ என்ற எண்ணும் தெரிந்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துச் சரக்கு. வாய் 9 அங்குல அகலம், 13 அங்குலம் வரை திறக்கும். "வெள்ளைக்காரன் இரும்புண்ணே, இப்ப இப்படி வராது" என்று கடைக்காரர் 4,500 சொன்னார். 3,000-க்கு முடிந்தது.

எனக்கு அது தேவைப்பட்ட காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பா தச்சர். வாழ்நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்து இழைத்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்தபின் கீழே உட்கார முடியவில்லை, வேலையை விடவும் மனமில்லை. நின்று செய்ய ஒரு பெஞ்சும், இத்தனை நாள் கால் பிடித்ததைப் பிடிக்க ஒரு வைஸும் வேண்டியிருந்தது.

கடையில் என்ன பார்ப்பது? இந்த வகை வைஸில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் அரை நட்டு (பாதியாக வெட்டியதுபோன்ற நட்டு) மரையை விட்டு விலகும், முன்வாயைச் சர்ரென்று இழுக்கலாம். விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்பக் கடிக்க வைக்கும். சுற்றிச் சுற்றித் திருக வேண்டியதில்லை என்பதுதான் இதன் அருமை. கோளாறு வருவதும் பெரும்பாலும் இங்கேதான். டார்ச் அடித்து அடியில் பாருங்கள். வாய் மூடியிருக்கும்போது அரை நட்டு கடிக்கும் இடத்து மரைதான் அதிகம் தேயும், ஏனென்றால் தச்சன் பிடிப்பது பெரும்பாலும் மெல்லிய பலகைகளைத்தான். அந்த இடத்தையும் திருகின் வால் நுனியில் இருக்கும் மரையையும் ஒப்பிடுங்கள். நுனியில் தடித்தும் இங்கே கத்தி முனைபோல் மெலிந்தும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தால் பரவாயில்லை, புதிதாகச் சுற்றி வாங்கிவிடலாம்.

அடுத்தது விரிசல். வைஸை நிமிர்த்தி வைத்து, ஸ்பேனரால் மெல்லத் தட்டுங்கள், சந்தையில் பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல. நல்ல வார்ப்பு கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது தட்டையாகப் பேசும். சந்தேகம் தீரவில்லையென்றால் அந்த இடத்தில் டீசல் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தேய்த்துக் காத்திருங்கள். உள்ளே இறங்கிய டீசல் வெளியே கசிந்து கோடாகக் காட்டிக்கொடுக்கும். போல்ட் மாட்டும் காதுகளையும் பின்வாயின் மூலைகளையும் விடாதீர்கள். வேறோர் ஊரில் நான் முதன்முதலில் வாங்கிய வைஸில், புதுக் கறுப்புப் பெயின்டுக்கு அடியில் காது விரிந்திருந்தது. இறுக்கிய முதல் நாளே கையோடு வந்துவிட்டது. பளபளவென்று பெயின்ட் அடித்ததைவிடத் துருவோடு கிடப்பதே மேல் என்பேன்.

வீட்டுக்கு வந்ததும் சுத்தியலைத் தேடாதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். கைப்பிடியில் குழாய் செருகித் திருகவும் வேண்டாம். டீசல் ஊற்றி ஊற்றி ஐந்தாறு நாள் விடுங்கள், இடையிடையே கொட்டாப்புளியால், அதாவது மரச்சுத்தியலால், தட்டுங்கள். என்னுடையது நாலாம் நாள் முனகிக்கொண்டு நகர்ந்தது. அதன்பின் பின்பக்கத் தட்டைப் பிடித்திருக்கும் பின்களை எடுத்துப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து வைத்தது, திரும்பப் பூட்டும்போது கைகொடுத்தது.

துரு எடுக்க நான் செய்தது மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். மைனஸ் வயர் வைஸுக்கு, பிளஸ் வயர் ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் வைஸே அரிக்கப்படும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் போடவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அதனால் பின்கட்டில் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் அடுப்பு வேண்டாம். ஸ்பிரிங்கை இதில் போடாதீர்கள், நொறுங்கும் தன்மை வந்துவிடலாம். சின்னப் பாகங்களுக்குப் புளிக்கரைசலே போதும், அம்மா பித்தளைக் குடத்துக்குச் செய்வதுதான். எடுத்ததும் அலசி, நம்மூர் வெயிலில் காயவைத்து, சூட்டோடு எண்ணெய் தடவுங்கள். அரைமணி தாமதித்தாலும் மஞ்சள் பூத்துவிடும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். பிறகு ரெட் ஆக்சைடு ப்ரைமர், மேலே நீல எனாமல். மரையில் கிரீஸ் அப்பாதீர்கள், மரத்தூள் ஒட்டிக் களியாகிவிடும். மெழுகு தேய்த்தால் போதும்.

பூட்டும்போது இரும்பு வாயின் மேல்விளிம்பு பெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே நிற்கட்டும், இழைப்புளியின் அலகு இரும்பில் படக்கூடாது. இரு வாய்க்கும் மரக்கட்டை வைத்து, அதைப் பெஞ்சு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். திருகாணித் தலை மரத்துக்குள் ஆழமாக இறங்க வேண்டும். நான் வைத்தது பழைய கதவு நிலையிலிருந்து அறுத்த தேக்கு. மூடும்போது வாயின் மேல்பக்கம் முதலில் தொட்டு, கீழே மயிரிழை இடைவெளி நின்றால் அரத்தை எடுத்துவிடாதீர்கள். இறுக்கும்போது நேராவதற்காக அப்படியே செய்திருக்கிறார்கள்.

முதலில் அதில் ஏறியது கானாடுகாத்தான் வீடு ஒன்றின் ஜன்னல் கதவுச் சட்டம். அப்பா ஒரு கையால் நெம்பை அழுத்தி வாயைத் தள்ளினார், கால் சுற்று இறுக்கினார், பலகையை உலுக்கிப் பார்த்தார். "அசையலியே தம்பி" என்றவர் செருப்பைக் கழற்றிவிட்டு இழைப்புளியை எடுத்தார்.