வேலந்தாவளம் எப்போது தாண்டியது?

கேள்வி: எனக்கு 34 வயது. வீடு கொழிஞ்சாம்பாறை, ஆபீஸ் கோவை. தோப்பு மோட்டாரை செல்போனிலேயே இயக்கும் கருவி செய்து விற்கிறோம். 11 பேர் கொண்ட ஸ்டார்ட்அப். மூன்று வருடமாக ஞாயிறு உட்பட ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. கண் இமை துடிக்கிறது, முடி கொட்டுகிறது, வாட்ச்சில் நாடித்துடிப்பு 96 காட்டுகிறது. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். தூக்கத்துக்கு நாலு மாதமாக அல்பிரசோலம் 0.5 நானே வாங்கிப் போடுகிறேன். போன வாரம் இரவு கார் ஓட்டி வந்தபோது வழியிலுள்ள வேலந்தாவளம் ஊரைத் தாண்டியதே நினைவில்லை. காலையில் பார்த்தால் காரின் இடது பக்கக் கண்ணாடியைக் காணோம். தாத்தாவுக்கு எண்பது வயதில் மறதி நோய் வந்தது. எனக்கும் அதுதானா? ஐந்து நாள் எங்காவது போகலாம் என்கிறாள் மனைவி. நான் நகர்ந்தால் கம்பெனி படுத்துவிடும்.

பதில்: அந்தக் கண்ணாடியிலிருந்து ஆரம்பிப்போம், தம்பி. காரின் பக்கக் கண்ணாடி ரோட்டோரம் நடந்து போகிறவரின் முழங்கை உயரத்தில் இருக்கிறது. அதை நீங்கள் கடிதத்தில் கண் துடிப்புக்கும் முடிக்கும் பிறகுதான் எழுதியிருக்கிறீர்கள். நான் பயந்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

உங்களுக்கு மறதி நோய் இல்லை. தாத்தாவின் எண்பது வயது மறதி பேரனுக்கு முப்பத்து நாலில் இப்படி வராது. ஓட்டும்போதே தூங்கியிருக்கிறீர்கள். கண் திறந்திருக்கும், கை ஸ்டியரிங்கில் இருக்கும், மூளை மட்டும் சில விநாடி அணைந்து அணைந்து எரியும். அறுபதில் போகும் கார் அந்த நாலு விநாடியில் 65 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கு வண்டியை எடுத்தால் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் ஒருவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலியாவில் 1997இலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நம் நாட்டில் சட்டம் அனுமதிப்பது 0.03தான். நீங்கள் குடிக்காதவராக இருக்கலாம். ரோட்டில் எதிரே வருகிறவருக்கு அதனால் என்ன லாபம்?

ஆறு மணி நேரத் தூக்கம் பழகிவிட்டது என்று சொல்லாத தொழில்முனைவோரை நான் இன்னும் பார்க்கவில்லை. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆட்களை இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். கடைசியில் அவர்கள் கவனம், ஓரிரு இரவு துளியும் தூங்காதவர் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் அவர்களுக்கோ தாங்கள் அவ்வளவு மோசமாகிவிட்டதாகவே தோன்றவில்லை. இங்கேதான் ஆபத்து. எவ்வளவு களைத்திருக்கிறோம் என்று அளக்கும் கருவியே முதலில் பழுதாகிறது.

அல்பிரசோலம் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். சீட்டில்லாமல் தரக்கூடாத மாத்திரை அது. மறுநாளும் மந்தம் இருக்கும், புது நினைவு பதிவதையும் தடுக்கும். ஆபீஸிலேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்திருந்தால் வேலந்தாவளம் நினைவில்லாததில் அதற்கும் பங்குண்டு. ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். நாலு மாதம் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் தூக்கப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

மற்றவை ஒன்றுமில்லை. டீயைக் குறைத்துத் தூங்கினால் இமை துடிப்பு நிற்கும். அதற்கு இணையத்தில் நரம்பு நோய் தேட வேண்டாம். முடிக்கும் அதே வைத்தியம்தான், கூடவே நேரத்துக்குச் சாப்பாடு. நாடித்துடிப்பு 100 வரை இயல்பு. வாட்ச்சைக் கழற்றி வையுங்கள். டிரெட்மில் நார்மல் என்பதற்காக இப்படியே ஓடலாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன.

இனி, நகர்ந்தால் கம்பெனி படுத்துவிடும் என்றீர்களே, அதற்கு வருகிறேன். கிளினிக் தொடங்கிய முதல் ஏழு வருடம் நானும் ஒரு ஞாயிறுகூடப் பூட்டியதில்லை. ஒருநாள் ராத்திரி, காய்ச்சலோடு வந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எழுத வேண்டிய சிரப்பை இரண்டு மடங்கு எழுதிவிட்டேன். "சார், அளவு சரியா?" என்று மருந்துக்கடைப் பையன் போன் செய்ததால் குழந்தை தப்பியது. என் கையெழுத்தில் அந்த எண்ணைப் பார்த்தபோது, எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை. அடுத்த ஞாயிறு கிளினிக்குக்குப் பூட்டுப் போட்டேன். நோயாளிகள் திங்கட்கிழமை வந்தார்கள். நீங்கள் தூக்கக் கலக்கத்தில் போடும் கையெழுத்தை, அனுப்பும் விலைப்பட்டியலை, ஆளை வேலையை விட்டு அனுப்பும் முடிவை எந்தப் பையன் போன் செய்து தடுப்பான்?

உங்கள் தொழிலிலேயே இதற்கு வழி வைத்திருக்கிறீர்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ட்ரை ரன் பாதுகாப்பு இல்லாமல் இந்தப் பக்கம் எந்த விவசாயியும் இப்படியொரு கருவியை வாங்கமாட்டார். மோட்டாரின் காயில் கம்பி கருகிய பிறகு தோப்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

ஐந்து நாள் போய் வாருங்கள். நெல்லியாம்பதியானாலும் சரி, மாமனார் வீட்டுத் திண்ணையானாலும் சரி. வங்கி ஓடிபி முதல் விவசாயிகளின் போன்வரை யார் பார்ப்பது என்று ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, லேப்டாப்பை ஆபீஸிலேயே வைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் தலைவலிக்கும், படபடக்கும், ஏதோ முழுகிப்போவதுபோல் இருக்கும். அதைக் கண்டு மூன்றாம் நாள் திரும்பி ஓடி வராதீர்கள், அதன் பிறகுதான் உடம்பின் படபடப்பு இறங்கும். அந்தப் பலனும் சில வாரங்களில் கரைந்துவிடும். அதனால் வந்த பிறகு ஞாயிறு என்றால் ஞாயிறுதான்.

டாக்டரைப் பார்க்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். உக்கடத்தில் பஸ் ஏறுங்கள். நாளைக்குப் பகலிலேயே தம்பியையோ நண்பரையோ ஓட்டச் சொல்லி அந்த ரோட்டில் மெதுவாகப் போய், கண்ணாடி எங்கே விழுந்து கிடக்கிறது, எதில் இடித்தது என்று பாருங்கள். அன்றிரவு யாருக்காவது அடிபட்டதா என்று அந்தப் பக்கத்துக் கடைகளிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் கேளுங்கள். கம்பமாகவோ மரமாகவோ இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்.