ராணுவ மருத்துவப் பணியா, தனியார் மருத்துவமனையா?

எம்பிபிஎஸ் முடித்த தங்கைக்கு ராணுவ மருத்துவப் பிரிவில் குறுகிய காலப் பணி கிடைத்திருக்கிறது, தனியாரும் ஏறக்குறைய அதே சம்பளம் தருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். கேப்டனாகச் சேர்பவருக்கு அதற்கு மேல் மாதம் 15,500 ரூபாய் ராணுவச் சேவை ஊதியம், தனியாகத் தொழில் செய்யாததற்கு அடிப்படையில் 20% படி, அகவிலைப்படி, வீடு எல்லாம் உண்டு. தொடக்கத்தில் இது நல்ல வருமானம்தான்.

ஓய்வூதியத்தை நம்பிச் சேர வேண்டாம். இந்தப் பணி முதலில் 5 ஆண்டு, நீட்டித்தாலும் மொத்தம் 14. ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு வேண்டும், அதாவது நிரந்தரப் பணிக்கு மாற வேண்டும்.

அப்புறம் மேற்படிப்பு. வெளியில் அறுவை சிகிச்சை நிபுணரின் வருமானம் வேகமாக ஏறும், ராணுவத்தில் மெதுவாகத்தான் ஏறும். உடனே எம்எஸ் படிக்கும் எண்ணம் இருந்தால் நான் சேரச் சொல்ல மாட்டேன். அதைத் தங்கையிடமே கேளுங்கள்.