சான்றிதழா, இரண்டு ஆண்டுப் பட்டமா: சம்பளத்தை உயர்த்துவது எது?

கேள்வி: தமிழ்நாட்டில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் இரண்டு ஆண்டுகளாக மெடிக்கல் அசிஸ்டென்டாக வேலை பார்க்கிறேன். இதற்கென்று தனியாகப் படிக்கவில்லை, வேலையிலேயே பழகிக்கொண்டேன். மணிக்கு 19 டாலர் தருகிறார்கள். இதே துறையில் அசோசியேட் பட்டம் (இரண்டு ஆண்டுப் படிப்பு) படித்தால் சம்பளம் நன்றாக உயரும் என்கிறது ஒரு தனியார் கல்லூரி. கட்டணம் 24,000 டாலர். உடன் வேலை செய்பவர்களோ சான்றிதழ்த் தேர்வு எழுதினாலே போதும் என்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு நிம்மதி. அந்தக் கல்லூரியில் சேர வேண்டாம். முதலில் சான்றிதழ்த் தேர்வை எழுதுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே சம்பளம் கூடிவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, மருத்துவ உதவியாளர்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 44,200 டாலருக்கு மேலும், மீதிப் பாதிப் பேர் அதற்குக் குறைவாகவும் வாங்குகிறார்கள். இது மணிக்கு 21 டாலருக்குச் சற்றே மேல். வாரம் 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு, மணிக்கு ஒரு டாலர் உயர்ந்தால் ஆண்டுக்கு 2,080 டாலர் கூடும். பட்டம் உங்களுக்கு அந்த ஒரு டாலரைப் பெற்றுத் தந்தாலும், வட்டியையும் வரியையும் சேர்க்காமலேயே கட்டணத்தை மீட்கப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த வேலைக்கு ஓராண்டுப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவரையும் இரண்டு ஆண்டுப் பட்டம் பெற்றவரையும் முதலாளிகள் பெரும்பாலும் ஒரே சம்பளப் படியில்தான் வைக்கிறார்கள். இதைக் கல்லூரியின் சேர்க்கை அலுவலர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

தொழில் சங்கங்கள் நடத்தும் சான்றிதழ்த் தேர்வின் கதை வேறு. மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கு மத்திய அரசு ஊக்கத்தொகை கொடுத்துவந்த காலத்தில், மருத்துவரின் மருந்து, பரிசோதனை உத்தரவுகளை உதவியாளர்கள் கணினியில் பதிந்தால், அவர்கள் சான்றிதழ் பெற்றவர்களாக இருந்தால்தான் அதைக் கணக்கில் எடுப்போம் என்று 2012-இல் விதி வந்தது. அந்த விதி இன்று அதே வடிவில் இல்லை என்றாலும், பெரிய மருத்துவக் குழுமங்கள் பல சான்றிதழை வேலைக்கான தகுதியாகவே வைத்துக்கொண்டுவிட்டன. வாஷிங்டன் போன்ற மாநிலத்தில் மாநில அரசின் அனுமதிப் பதிவு இல்லாமல் இந்த வேலையே செய்ய முடியாது. அங்கே சம்பளமும் நாட்டிலேயே உயர்ந்த நிலையில் இருக்கிறது. டெக்சஸில் அப்படிப்பட்ட உரிமம் கிடையாது. எனவே உங்கள் சான்றிதழுக்கு மதிப்பைத் தருவது சட்டம் அல்ல, உங்களை வேலைக்கு எடுப்பவர்தான். ஒரே மருத்துவர் நடத்தும் சிறிய கிளினிக்கில் அதற்குத் தனிச் சம்பளப் படியே இல்லாமல் போகலாம். மருத்துவமனைகளிலும் புறநோயாளர் சிகிச்சை மையங்களிலும் சராசரியாகவே மருத்துவர் அலுவலகங்களைவிட அதிகம் தருகிறார்கள். அந்தக் கதவைத் திறக்கத்தான் சான்றிதழ். வேலையிடம் மாற நீங்கள் தயாராக இல்லை என்றால் அதனால் கிடைக்கும் பயன் பாதியாகிவிடும் என்பதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் ஊரில் உள்ள மருத்துவமனைகளின் வேலை விளம்பரங்கள் ஐந்தாறை எடுத்து, தகுதி என்ற பகுதியை மட்டும் படியுங்கள். "சான்றிதழ் அவசியம்" என்று இருக்கும். அல்லது "சேர்ந்த ஆறு மாதத்துக்குள் பெற வேண்டும்" என்று இருக்கும். எந்தச் சான்றிதழ்களை ஏற்கிறார்கள் என்றும் பெயர் போட்டிருப்பார்கள். சி.எம்.ஏ. என்பது அமெரிக்க மருத்துவ உதவியாளர் சங்கம் தருவது. அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்திருப்பதே அதற்கு முதன்மையான வழி. தேசிய சுகாதாரப் பணியாளர் சங்கம் நடத்தும் சி.சி.எம்.ஏ. தேர்வை, பள்ளிப் படிப்பு முடித்து, கடந்த மூன்று ஆண்டுகளில் ஓராண்டு மேற்பார்வையின் கீழ் வேலை செய்திருப்பவர்களும் எழுதலாம். உங்களுக்குப் பொருந்துவது இதுதான். விளம்பரங்களில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். தேறிய பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 10 தொடர்கல்விப் புள்ளிகளுடன் புதுப்பிக்க வேண்டும்; அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

இப்போதைய மேலாளரிடமும் ஒரு முறை பேசுங்கள். "நான் சான்றிதழ் வாங்கினால் என்ன தருவீர்கள்?" என்று கேட்பதைவிட, நீங்கள் செய்யும் வேலைகளை எழுதிக்கொண்டு போவது நல்லது. இரத்தம் எடுப்பது, இ.கே.ஜி. (இ.சி.ஜி.) பதிவது, தடுப்பூசி போடுவது, காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்குவது என ஒவ்வொன்றையும் வாரத்துக்கு எத்தனை முறை செய்கிறீர்கள் என்று அந்தத் தாளில் இருக்கட்டும். தேர்வுக் கட்டணத்தையாவது அவர்கள் ஏற்கலாம். முதலாளி கல்விக்காகத் தரும் தொகையில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை முறையான உதவித் திட்டத்தின் கீழ் வந்தால் ஊழியருக்கு வரி கிடையாது. பெரிய மருத்துவமனைகளில் இத்தகைய திட்டம் பெரும்பாலும் இருக்கும்.

படிக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கித்தான் படிப்பது என்றால், அது உங்களை அடுத்த படிக்கு ஏற்றும் படிப்பாக இருக்கட்டும். அதே 2024 கணக்கில், உரிமம் பெற்ற செவிலியர்களின் (டெக்சஸில் இவர்களை எல்.வி.என். என்பார்கள்) நடுநிலைச் சம்பளம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை, நாடு தழுவிய அளவில் ஆண்டுக்கு 62,340 டாலர். அதற்கு மேல்நிலையில் உள்ள பதிவு பெற்ற செவிலியருக்கு 93,600 டாலர். சமுதாயக் கல்லூரியிலும் இரண்டு ஆண்டுச் செவிலியர் பட்டம் இருக்கிறது, கட்டணமும் பொதுவாகக் குறைவு. உங்கள் பி.எஸ்சி. மதிப்பெண் பட்டியலை, வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்து மதிப்பீட்டு அறிக்கை வாங்கினால், சில பொதுப் பாடங்களைத் திரும்பப் படிக்காமல் தப்பலாம். உடற்கூறியல், நுண்ணுயிரியல் போன்றவற்றைக் கல்லூரிகள் எளிதில் ஏற்பதில்லை என்பதால், விண்ணப்பிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் அந்தத் தனியார் கல்லூரிதான் என்று மனம் சொன்னால், அங்கே இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இந்தப் பாடத்திட்டத்துக்குத் துறைசார் அங்கீகாரம் இருக்கிறதா? இங்கே பெறும் பாடப் புள்ளிகளை அருகிலுள்ள அரசுச் செவிலியர் கல்லூரி ஏற்குமா? மருத்துவ உதவியாளர் படிப்பைப் பெரிய அளவில் நடத்திய கொரிந்தியன் என்ற தனியார் கல்லூரிகள் 2015-இல் மூடப்பட்டு, அங்கே படித்த ஏறத்தாழ 5,60,000 பேரின் கடனை 2022-இல் மத்திய அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. நீங்கள் சேர நினைக்கும் கல்லூரி பதிலை எழுத்தில் தரத் தயங்கினால் விண்ணப்பப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.