ஸ்பிரிங் பூட் (ஜாவா) அப்புக்குள்ளயே வேர்க்ஃப்ளோ எஞ்சினை, அதாவது ஒரு வேலையைப் படிப்படியா நகர்த்துற மென்பொருளை, வைக்கலாமா, ஒரே நேரத்தில கன பேர் வந்தால் தாங்குமா?

ஓம், உள்ளுக்கேயே வையுங்கோ. கூட்டுறவுச் சங்கத்துக் கடன் விண்ணப்பம், கமுண்டா 7 எஞ்சின், மைஎஸ்கியூஎல் டேற்றாபேஸ், ரெண்டு சேர்வர் எண்டு எழுதியிருக்கிறியள், அந்த அளவுக்கு எஞ்சினைத் தனியா நிப்பாட்டி ரெஸ்ற் ஏபிஐயால (நெற்வேர்க் வழியா) கதைக்க வைக்கத் தேவையில்லை. நாங்களும் இஞ்ச கொக்குவில்ல இருந்து இதே மாதிரி ஒண்டை உள்ளுக்கு வைச்சுத்தான் ஓட்டுறம். உங்கட விண்ணப்ப ரேபிளில எழுதுறதும் எஞ்சின் அடுத்த படிக்குப் போறதும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள நடக்கும், ஒண்டு பிழைச்சால் ரெண்டும் சேர்ந்து ரோல்பேக் ஆகி பழைய நிலைக்குத் திரும்பும். தனியா வைச்சு, இடையில ஏதும் பிழைச்சால் கடன் அனுமதிச்சபடி இருக்கும், வேர்க்ஃப்ளோ இன்னும் மனேஜரிட்டயே நிக்கும், அதை நீங்கள்தான் இருந்து திருத்த வேணும்.

ஒரே நேரத்தில கன பேர் வாறதைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ. எஞ்சின் த்ரெட்சேஃப் (கன ரிக்குவெஸ்ற் ஒரே நேரத்தில பாவிச்சாலும் குழம்பாது), தன்ர நிலையை மெமரியில வைச்சிருக்காது, எல்லாம் டேற்றாபேஸிலதான். அதால ரெண்டு சேர்வரும் ஒரே டேற்றாபேஸைப் பார்த்தால் காணும். ஆனா மைஎஸ்கியூஎல் தானா வரேக்க ரிப்பீற்றபிள் ரீட் எண்ட ஐசொலேஷன் லெவலில (ஒரு ட்ரான்ஸாக்ஷன் மற்றதின்ர மாற்றத்தை எப்ப பார்க்கலாம் எண்ட விதி) இருக்கும், கமுண்டாவுக்கு ரீட் கொமிற்றட் எண்ட லெவல் வேணும், இதை முதல்ல மாத்துங்கோ.

இனி ரெண்டு ஒஃபிசர்மார் ஒரே விண்ணப்பத்தை ஒரே நேரத்தில "அனுமதி" எண்டு அமத்தினால் என்ன நடக்கும் எண்டு கேட்டிருந்தீங்கள். எஞ்சின் ஒருத்தரையும் பூட்டி வைக்காது, ஒவ்வொரு ரோவிலயும் ஒரு ரிவிஷன் நம்பர் இருக்கு, முதல் கொமிற் பண்ணினவர் (டேற்றாபேஸில பதிஞ்சு முடிச்சவர்) வெல்லுவார், மற்றவருக்கு ஒப்டிமிஸ்ற்றிக் லொக்கிங் எக்செப்ஷன் வரும். கொஞ்சம் பிந்தி வந்தாரெண்டால் அந்த ராஸ்க்கே (செய்ய வேண்டிய வேலையே) இல்லையெண்டு வேற எக்செப்ஷன் வரும். ரெண்டையும் பிடிச்சு "இதை வேற ஆள் முடிச்சிட்டார்" எண்டு காட்டுங்கோ, அந்த ஒஃபிசருக்கு 500 எரர் பக்கத்தைக் காட்டிப்போட்டு விடாதேங்கோ, பாவம், அவர் தன்னிலதான் பிழையெண்டு நினைப்பார்.

அதைவிடப் பெரிய விசயம் புது விண்ணப்பம் தொடங்கிறது. நெற் இழுபடுற நேரம் சனம் பட்டனை ரெண்டு தரம் அமத்தும், ரெண்டு ரிக்குவெஸ்ற்றும் ஒரே பிசினஸ் கீயோட (இஞ்ச விண்ணப்ப இலக்கம்) வரும், எஞ்சின் அதைத் தடுக்காது, ரெண்டு வேர்க்ஃப்ளோ தொடங்கி ஒரே ஆளுக்கு ரெண்டு கடன் ஓடத் தொடங்கிடும். விண்ணப்ப இலக்கத்துக்கு உங்கட ரேபிளில யுனிக் (ஒரே இலக்கம் ரெண்டு தரம் வராத கட்டுப்பாடு) போட்டு, அந்த இன்ஸேர்ட்டையும் தொடக்கத்தையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனில வைச்சால்தான் இது நிக்கும்.

அடுத்தது எஸ்எம்எஸ். ஒரு யூசர் ராஸ்க் (ஆள் செய்யிற படி) முடிஞ்சதும் எஞ்சின் அடுத்த காத்திருக்கிற இடம் வரைக்கும் அந்த வெப் ரிக்குவெஸ்ற்ற த்ரெட்டிலயே ஓடும், அதுக்குள்ள எஸ்எம்எஸ் அனுப்புற சேர்விஸ் ராஸ்க் (சிஸ்டம் தானாச் செய்யிற படி) இருந்தால் எஸ்எம்எஸ் சேவை பதில் தரும்வரை உங்கட டேற்றாபேஸ் கனெக்ஷனும் பிடிபட்டிருக்கும். தானா வரேக்க டொம்கற் (வெப் சேர்வர்) 200 த்ரெட் வரை தரும், ஹிகாரி பூல் (டேற்றாபேஸ் கனெக்ஷன் தொகுப்பு) 10 கனெக்ஷன்தான், பத்துப் பேர் அப்பிடி நிண்டால் மிச்ச ஆக்கள் எல்லாரும் வரிசையில. பிறகு ரோல்பேக் ஆனாலும் போன எஸ்எம்எஸ் திரும்பி வராது. அந்த ராஸ்க்குக்கு ஏசிங்க் பிஃபோர் எண்ட செற்றிங்கைப் போடுங்கோ, அதுக்கு முதலே கொமிற் ஆகி, மிச்சத்தை எஞ்சின்ர ஜொப் எக்ஸெகியூற்றர் (பின்னணி வேலைகளைச் செய்யிற பகுதி) பின்னால எடுத்துச் செய்யும், பிழைச்சால் மூண்டு தரம் வரைக்கும் பாக்கும். ஒரு சேர்வர் எடுத்த ஜொப்பை மற்றது எடுக்காமல் 5 நிமிசம் லொக் இருக்கும். உங்கட வேலை அதைவிட நீண்டால் மற்ற சேர்வரும் எடுத்துச் செய்யத் தொடங்கும், அதால எஸ்எம்எஸ் அனுப்பினதோ இல்லையோ எண்டதை உங்கட ரேபிளிலயும் பதிஞ்சு பாத்திட்டு அனுப்புங்கோ. ஜொப் எக்ஸெகியூற்றரும் அதே பூலிலதான் கனெக்ஷன் எடுக்கும், அதையும் கணக்கில சேர்த்துப் பூலைக் கூட்டுங்கோ.

ஒண்டு மட்டும் யோசியுங்கோ, கமுண்டா 7 கம்யூனிட்டி பதிப்பு 2025 ஒக்ரோபரோட முடிஞ்சுது. கமுண்டா 8 எண்டால் எஞ்சின் வெளியிலதான் ஓடும், மேல சொன்ன ஒரே ட்ரான்ஸாக்ஷன் கதை அதில இல்லை. புதுசாத் தொடங்கிறீங்கள் எண்டால் நான் ஃப்ளோவபிள் எண்ட எஞ்சினைத்தான் சொல்லுவன், அதுவும் கமுண்டா மாதிரி ஆக்டிவிற்றி எண்ட எஞ்சினில இருந்து பிரிஞ்சதுதான், இஞ்ச சொன்னதில முக்கால்வாசி அப்பிடியே பொருந்தும்.