மணல் வெளுக்காமல் முகம் தெளிய என்ன வழி?

கேள்வி: அரிச்சல்முனையில் சாயங்காலம் போனில் எடுத்த படம். வெயில் முதுகுப்பக்கம் இருந்ததால் வாப்பா, உம்மா முகம் இருட்டாகிவிட்டது. பிரைட்னஸைக் கூட்டினால் முகம் தெரிகிறது. ஆனால் மணலும் கடலும் வெளுத்துப்போகின்றன. இருவரும் சேர்ந்து நிற்கும் படம் இது ஒன்றுதான். சரிசெய்ய முடியுமா?
– கீழக்கரை வாசகி

பதில்: பெரும்பாலும் முடியும். பிரைட்னஸை மட்டும் தொடாதீர்கள். அது மணலையும் முகத்தையும் ஒருசேரத் தூக்கிவிடும். தனுஷ்கோடிப் பக்கம் இருபுறமும் கடல், காலடியில் வெளிர்மணல். இவ்வளவு பளீரென்று இருப்பதைக் கண்டதும் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. அடிபடுவது முகம்தான்.

வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை வைத்து வேலை செய்யாதீர்கள். அதில் இருட்டுப் பகுதியின் நுணுக்கம் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். எடுத்த போனில் உள்ள மூலப் படத்தையே ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியில் திறந்து, ஹிஸ்டோகிராமைப் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். வலது ஓரச் சுவரில் கோடு முட்டி நின்றால் படத்தின் பளீரென்ற இடம் வெளிச்சத்தின் உச்ச அளவான 255-ஐத் தொட்டு வெறும் வெள்ளையாக எரிந்துவிட்டது என்று அர்த்தம்; போன் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் அதை மீட்க வழியில்லை. இருட்டான முகத்தில் அப்படியில்லை, உள்ளே கொஞ்சம் விவரம் மிச்சமிருக்கும். அந்த வகையில் உங்கள் படம் தப்பித்தது.

ஸ்னாப்சீடின் ட்யூன் இமேஜ் கருவியில் முதலில் ஹைலைட்ஸைக் (வெளிச்சப் பகுதி) குறையுங்கள். மணலின் அலைவரி திரும்பத் தெரியத் தொடங்கும். பிறகு ஷேடோஸைக் (இருட்டுப் பகுதி) கொஞ்சம் கூட்டுங்கள். அதிகம் கூட்டினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும்.

முக்கியமான வேலை, குறிப்பிட்ட இடத்தை மட்டும் திருத்தும் செலக்டிவ் கருவியில்தான். உம்மாவின் கன்னத்தில் ஒரு புள்ளி வைத்து, இரு விரலால் வட்டத்தைச் சுருக்குங்கள். எந்த இடம் மாறப்போகிறது என்பது சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பு வெள்ளைத் துப்பட்டியில் பரவினால், துப்பட்டி மேலேயே இன்னொரு புள்ளி வைத்து எதையும் மாற்றாமல் விடுங்கள். அது துணிக்குக் காவலாக நிற்கும். வாப்பாவுக்குத் தனிப் புள்ளி. இருவர் நிறமும் ஒன்றல்ல, ஒரே அளவு இருவருக்கும் பொருந்தாது.

முகத்துப் புள்ளிகளில் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டுவது? வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவர் முகம் மணலைவிடக் கொஞ்சம் மங்கலாக இருப்பதுதான் இயல்பு. அதையும் தாண்டினால் முகத்தை வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். தலையைச் சுற்றி வெண்வளையம் தெரிந்தால் உடனே குறையுங்கள். நிழலில் இருந்த முகத்துக்கு வானத்தின் நீலம் ஏறியிருக்கும். வெளிச்சம் கூட்டியதும் அது துலங்கும். பிரஷ் கருவியில் டெம்பரேச்சரைத் தேர்ந்து முகத்தில் மட்டும் லேசாக இளஞ்சூடு (மஞ்சள் சாயல்) தடவுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முகத்துக்கு உயிர் வருவதே இதில்தான் என்பேன்.

கணினி இருந்தால் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருள் வானத்தையும் ஆட்களையும் தானே பிரித்துக் கொடுக்கும். அதுபோன்ற டார்க்டேபிள் மென்பொருள் இலவசம், ஆனால் பழகக் கொஞ்சம் நாளாகும். ஒரு படத்துக்காக அவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

போன் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து ஒருமுறை சரிபாருங்கள். மூலப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, திருத்தியதைத் தனிப் பிரதியாகச் சேமியுங்கள். பிரிண்ட் பெரும்பாலும் திரையைவிட இருட்டாகத்தான் வரும். பெரிய அளவில் போடுமுன் ஸ்டூடியோவில் ஒரு சின்ன பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். குறை தெரிந்தால் முகத்துப் புள்ளிகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டினால் போதும்.